காதர் மாமாவின் லாகின்

அய்யா, ஞாயிற்றுக்கிழமை காலை நீ பினாங்கு பஸ் ஏறுகிறாய், அதுவரை தள்ளிப்போடாமல் இன்றைக்கு ராத்திரியே இதை முழுக்கப் படித்துவிடு. பாதியில் நிறுத்திவிட்டு "புரிஞ்சிருச்சும்மா" என்று சொல்லாதே. உனக்குப் புரிந்தது ஒன்று, நான் சொல்ல வந்தது வேறொன்று என்று எத்தனையோ தடவை ஆகியிருக்கிறது. நேரில் பேசலாம் என்றுதான் சில நாளாகப் பார்க்கிறேன். நான் வாயைத் திறந்தால் உன் கண் போனுக்குப் போகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் பாச்சாங் கடையின் பின்னறையில், நீ வாங்கி வைத்த அதே கம்ப்யூட்டரில் நானே தட்டச்சு செய்து, தாளில் எடுத்து, உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே வைக்கிறேன். இது வேறு யார் கண்ணில் பட்டாலும் எனக்குக் கவலையில்லை. மற்றவர்களுக்கும் உதவட்டுமே, கம்ப்யூட்டர் வைத்த கடை மலாக்காவில் நம்முடையது மட்டும்தானா என்ன?

புது வேலையில் நீ செய்யப் போவது என்னவென்று நீ சொன்னதை வைத்து இப்படிப் புரிந்துகொண்டேன். தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பெரிய கடை என்று இடம் இடமாகப் போவாய். அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பாய். அதைப் போலவே கம்ப்யூட்டருக்குள் ஒன்றைக் கட்டிக் கொடுப்பாய். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யார் எதைச் செய்தாலும் நீ கட்டியதன் வழியாகத்தான் செய்ய வேண்டும். பிறகு நீ அடுத்த ஊருக்குப் போய்விடுவாய், அவர்கள் அதோடு இருப்பார்கள். நல்ல வேலைதான், எனக்குப் பெருமைதான். அத்தையிடமும் எதிர்வீட்டு அக்காவிடமும் தேவைக்கு மேலேயே பீற்றிக்கொண்டாயிற்று. ஆனால் நம் கடையில் நீ கட்டிய சிஸ்டம் ஒரு மனிதரை என்ன செய்தது என்பதை உனக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். நான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது, பழைய காலத்து ஆள் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு திரியாதே. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு லாரிக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டரில்தான் வேலை பார்த்தேன். திரை பச்சையாக இருக்கும், எழுத்து மினுக்கும். லாரி எப்போது கிளம்பியது, எப்போது போய்ச் சேர்ந்தது, தாமதம் என்றால் ஏன் என்று பதிய வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுத இடம் கிடையாது, ஒரு பட்டியல் வரும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முதலாவதாக இருந்தது டயர் பஞ்சர். டிரைவர் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும், பாலத்தில் ஜாம் ஆனாலும், சரக்கு ஏற்ற ஆள் வராவிட்டாலும், நாங்கள் எல்லாரும் முதலாவதையே அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். யார் கீழே வரைக்கும் போய்த் தேடுவது? கடைசியில் கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, நம் கம்பெனியின் டயர் படுமோசம் என்று டயர் கொடுக்கிறவரையே மாற்றிவிட்டார். பாவம் அந்தச் சீனக் கிழவர், கடைசி வரைக்கும் தன் டயருக்கு என்ன குறை என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் பெண்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அப்பா போன பிறகு கடை என் தலையில் வந்தது. பாச்சாங்கில் ஒரு கடை, அலோர் காஜாவில் ஒரு கிளை, அதைச் சுற்றி உள்ள எஸ்டேட்டுகளுக்கு மாதாமாதம் போகிற சாமான். எந்தக் கடையில் எது இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இங்கே கடலைப்பருப்பு இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்புவோம், அங்கே மூட்டை மூட்டையாக வண்டு அரிக்கும். நீ படிப்பை முடித்துவிட்டு வந்து, "சிஸ்டம் போடலாம்மா" என்றபோது நான்தான் முதலில் சரி என்றேன், மறந்துவிடாதே. அப்பா காலத்திலிருந்தே கடையைப் பார்த்துக்கொள்கிற காதர் மாமாகூட முதலில் முகத்தைச் சுளித்தார். "எதுக்குலா இதெல்லாம், என் தலையிலதான் எல்லாம் இருக்கே" என்றார். "உங்க தலை அலோர் காஜாவுல இல்லையே மாமா" என்று நீ சொன்னதும் சிரித்துவிட்டார். அதோடு சரி, அவருக்கும் பிடித்துப் போய்விட்டது.

நீங்கள் இரண்டு பேரும் சாமான்களுக்குப் பெயர் வைத்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஒரே பெருங்காயத்தை இங்கே ஒரு பெயரிலும் அலோர் காஜாவில் வேறு பெயரிலும், எஸ்டேட்காரர்கள் டப்பாவின் நிறத்தை வைத்தும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரே எண் என்று இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதை மூன்று பொருளாக எண்ணிக்கொள்ளும், ஒன்று தீர்ந்துபோனது என்று சொல்லும்போது மற்ற இரண்டும் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் என்று நீ விளக்கினாய். காதர் மாமா ஏணியில் நின்று ஒவ்வொரு டப்பாவாக எடுத்துச் சொல்ல, நீ கீழே உட்கார்ந்து தட்டினாய். "மெதுவா சொல்லுங்க மாமா, என் விரல் ரெண்டுதான் ஓடுது" என்று நீ கத்த, "பல்கலைக்கழகத்துல இதைத்தான் சொல்லிக் கொடுத்தானுங்களா" என்று அவர் மேலிருந்து கேட்டார். நீ கோலாலம்பூருக்குப் படிக்கப் போனபோது பெட்டி வாங்கிக் கொடுத்தவர் அவர். அதே பெட்டியில்தான் இந்தத் தாள்களையும் வைத்திருக்கிறேன்.

சிஸ்டம் நன்றாகவே ஓடியது. தீபாவளிக்கு முந்தின வாரம் தெருவே இன்டர்நெட் லைன் இல்லாமல் கிடந்தபோது, பக்கத்துக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நம் கல்லா மட்டும் பில் போட்டுக்கொண்டே இருந்தது. லைன் போனாலும் அந்தந்தக் கல்லா தன்னிடமே எழுதி வைத்துக்கொள்ளும், லைன் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும் என்று நீ முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாய். அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, கூட்டத்தில் முடியவில்லை. கடைசி மூட்டை போகும்போதே மொத்தக் கடைக்காரருக்கு ஆர்டர் தானாகப் போனது. எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. யார் யாருக்கு என்ன அனுமதி என்பதையும் பிரித்து வைத்தாய். கல்லாவில் இருக்கிற செல்விக்கு விற்க மட்டும் அனுமதி. ஸ்டாக்கைக் கூட்ட, குறைக்க, சேதம் என்று கழிக்க காதர் மாமாவின் லாகினால்தான் முடியும். எல்லாவற்றையும் மாற்ற உன்னால் மட்டும்தான் முடியும். சுவரில் ஒரு தாளையும் ஒட்டினாய்: தன் லாகினை இன்னொருவருக்குக் கொடுப்பவர் வேலையை இழப்பார் என்று. மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒட்டினாய், எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

இப்போது கேள். சிஸ்டம் கட்டுவதற்கு முன் நீ எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டது, சாமான் எப்படி உள்ளே வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று. நாங்களும் யோசித்துச் சொன்னோம். விற்கிறது, கொடுத்தவருக்கே திரும்பிப் போகிறது, கெட்டுப்போகிறது. அவ்வளவுதான் என்றோம். நீயும் அந்த மூன்றுக்கும் பொத்தான் வைத்தாய். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற அரிசியும் பருப்பும் நெய்யும் வெளியே போகிற சாமான் என்று எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அது வியாபாரமே இல்லையே, அதை ஏன் கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும்? சாயங்காலப் பூசைக்குப் பிறகு அன்னதானம், சமையலுக்கு மத்தியானமே சாமான் போய்ச் சேர வேண்டும். அப்பா இருந்தவரை தானே காரில் ஏற்றிக்கொண்டு போவார். அவரோடு அது நின்றுவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டாய். நிற்கவில்லை. காதர் மாமாதான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் சாமானைக் கட்டிப் பின்கதவு ஓரமாக வைப்பார். "பாய் வீட்டுக் கைப்பட்ட அரிசி, இன்னிக்குச் சாதம் உதிரி உதிரியா வரும்" என்று செல்வியைச் சீண்டுவார். பிறகு கைகால் கழுவிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். கோயில் வேன் அவர் போன பிறகு ஒன்றரை மணிவாக்கில் வரும்.

வேன்காரர் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சாமான் கடையில் இல்லை, ஆனால் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். செல்வி என்ன செய்வாள்? விற்றது என்று போட்டால் கல்லாவில் காசு எங்கே என்று கேட்கும். திருப்பி அனுப்பியது என்றால் யாருக்கு என்று கேட்கும். ஒன்றுமே கேட்காமல் சாமானைக் கழித்துவிடுகிற பொத்தான் ஒன்றுதான் இருந்தது, சேதம். அதை அழுத்த அவள் லாகினுக்கு அனுமதி இல்லை. காதர் மாமா தொழுகைக்குப் போகும்போது தன் லாகினைத் திறந்து வைத்துவிட்டுப் போவார், அந்த நேரத்தில் யாராவது சாமான் திருப்பிக் கொண்டுவந்தால் செல்வி முழிக்கக் கூடாதே என்று. உன் தாள் சுவரில் இருக்கும்போதேதான். அது தப்பா என்று கேட்டால் தப்புதான். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கல்லாவை இவள் பார்ப்பதும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இவள் கல்லாவை அவர் பார்ப்பதும் இந்தக் கடையில் உன் சிஸ்டத்துக்கு முன்பிருந்தே நடக்கிறது. நீ சட்டம் போட்டாய், அவர்கள் நேரம் வரும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான் சிரம்பானில் போய்த் தங்கியிருந்த சமயம் நீ அந்த ரிப்போர்ட்டை எடுத்தாய். மாதக் கணக்கு, ஆள்வாரியாக. காதர் என்ற பெயருக்கு நேரே சேதம் மட்டும் மலை மாதிரி. நல்ல அரிசி, நெய், பருப்பு, எல்லாம் சேதமாம். அதோடு நீ விட்டிருந்தால் பரவாயில்லை. கேமராவையும் போட்டுப் பார்த்தாய். அதில் காதர் மாமா நல்ல சாமானை எடுத்துக் கட்டிப் பின்கதவு ஓரமாக வைக்கிறார். உனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. உன்னை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். நாலு பேர் முன்னால் அவரை அவமானப்படுத்தக் கூடாது என்று பின்னறைக்குத் தனியாகக் கூப்பிட்டாய், கதவைச் சாத்தினாய், தாளை நீட்டினாய். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். ஆனால் பதில் தெரிந்த ஒரே ஆள், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ மஞ்சள்தூள் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததை நீயே பிறகு என்னிடம் சொன்னாய், மழுப்பாமல் சொன்னாய், அதற்காக உன்னை மெச்சுகிறேன். "ஏன் மாமா இப்படிச் செஞ்சீங்க? அம்மாகிட்ட கேட்டா கொடுத்திருக்க மாட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாய். அவர் தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "இதை யாரு சொன்னது?" என்றார். "சிஸ்டம் சொல்லுது மாமா" என்றாய். "அப்படியா தம்பி. அப்ப இனிமே அதுகிட்டயே வேலை வாங்கிக்கோ" என்று கடைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போகாமல் முன்வாசல் வழியாகவே நடந்து போயிருக்கிறார். அவர் பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் நீ அவர் லாகினை முடக்கிவிட்டாய். எனக்குப் போன் பண்ணவில்லை. பெரியம்மாவைப் பார்க்கிற நேரத்தில் எதற்குத் தொந்தரவு என்று நினைத்தாயாம். அடப் பாவி, இதைவிடப் பெரிய தொந்தரவு வேறு என்ன இருக்கிறது?

நான் திரும்பி வந்து கேட்டபோது நீ அதே தாளைத்தான் காட்டினாய். மொத்தம் மட்டும் இருந்தது. லாரிக் கம்பெனியில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், மொத்தத்தை நம்பாதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார். "இதைப் பிரிச்சுக் காட்டு, எந்த நாளு, எத்தனை மணின்னு" என்றேன். நீ அழுத்தினாய். வரி வரியாக வந்தது. எல்லாமே வெள்ளிக்கிழமை, எல்லாமே ஒன்றரை, ஒன்றே முக்கால். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்குக் காதர் அண்ணன் எங்கடா இருப்பாரு?" என்று நான் போட்ட சத்தத்தில் முன்னால் நின்ற வாடிக்கையாளர்கூட எட்டிப் பார்த்தார். உன் முகம் வெளுத்துப்போனது. செல்விதான் ஓடி வந்தாள். "அக்கா, அது நான் போட்டதுக்கா, கோயில் சாமானுக்கா, வேற பொத்தானே இல்லைக்கா. அண்ணன் ஊருக்குப் போயிருக்காருன்னுதானே தம்பி சொன்னாரு" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு நீ செய்ததையும் சொல்ல வேண்டும், அதுவும் நியாயம். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தாய். கொடுத்தது என்று புதிதாக ஒரு பொத்தான் வந்தது, யாருக்கு என்று எழுத இடமும் வந்தது. செல்விக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கூடுதல் அனுமதி, அவள் பெயரிலேயே. சேதம் என்று போட்டால் படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். பழைய வரிகளை எல்லாம் தேடிப் பிடித்துத் திருத்தினாய். சுவரில் இருந்த தாளைக் கிழித்துப்போட்டாய். செல்வியிடம் மன்னிப்புக் கேட்டாய். அந்த ஒரே நாளில் சிஸ்டம் சுத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை நாள் ஆயிற்று? காதர் மாமா வீட்டுப் பக்கம் நீ போகவில்லை. "என்ன முகத்தோடம்மா போறது" என்றாய். பிறகு பினாங்கு வேலைக்கான கடிதம் வந்தது, அதிலே மூழ்கிப்போனாய். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அய்யா. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற தப்பை ஒரே நாளில் திருத்துகிறாய், வெளியே இருக்கிறதை அப்படியே விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிறாய். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி நடந்தால், அங்கே சத்தம் போட நான் இருக்க மாட்டேன்.

போன திங்கட்கிழமை நான் உன்னிடம் சொல்லாமல் சுங்கை ரம்பாய்க்குப் போனேன். காதர் மாமா இப்போது அங்கேதான், தன் மச்சானின் இரும்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஆணியும் கயிறும் பெயின்ட் டப்பாவுமாக இருந்தது. மிளகாய் நெடியில் பழகிய மனிதர், அந்தக் கடையில் அவரைப் பார்க்கவே எனக்கு ஒட்டவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், பெரியம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மற்றதைப் பற்றி அவராக வாயே திறக்கவில்லை. நான்தான் கேட்டேன், "உங்களுக்குத் தெரியாதா அண்ணே, அது கோயில் சாமான்னு?" என்று.

"தெரியாமலா இருக்கும்? நெய்யையும் பருப்பையும் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்றார். "அப்புறம் ஏன் சொல்லலை?" என்றேன். கயிற்றுச் சுருளைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "சொன்னா செல்விக்கு வேலை போயிரும்லா. மூணு பாஷையில எழுதி ஒட்டியிருக்கானே. அது ஒண்ணு. இன்னொண்ணு, அவன் என்னைக் கேட்கலை தங்கச்சி. 'இது என்ன மாமா'ன்னு கேட்டிருந்தா அந்த இடத்துலயே சொல்லியிருப்பேன், ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம். 'ஏன் செஞ்சீங்க'ன்னு கேட்டான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றார். "ஏணியில ஏறி ஒவ்வொரு டப்பாவா நான்தானே அதுக்குப் பேர் சொல்லிக் கொடுத்தேன். அது என் பேரையே திருடன்னு சொல்லுது" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த இரும்புக் கடையில் உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்கள் பார்க்க, நன்றாகவே அழுதேன். "வந்துருங்க அண்ணே" என்றேன். "நீ கூப்பிட்டா வருவேன்னு உனக்கே தெரியும். ஆனா அவன் வரட்டும்" என்றார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "என் லாகினு இன்னும் இருக்கா, அழிச்சுட்டானா?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். அவர் சும்மா கேட்கவில்லை.

அதனால் வந்ததும் பார்த்தேன். அழிக்கவில்லை. நீதான் ஒரு தடவை எனக்கு விளக்கினாய். சிஸ்டத்தில் ஆளை அழிக்க முடியாது, அவர் போட்ட பில்லெல்லாம் அவர் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கும், ஆளை அழித்தால் அத்தனையும் யாருடையது என்று தெரியாமல் போய்விடும், அதனால் முடக்கி வைக்கத்தான் முடியும் என்று. காதர் மாமாவின் பெயர் அங்கே சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதை அழுத்தினால் பெயர் மறுபடியும் கறுப்பாகிவிடும். உன் லாகினால் மட்டும்தான் அதை அழுத்த முடியும்.

உன் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுவிட்டு, உன்னுடையதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறாய், தூசி தட்டும்போது பார்த்தேன். பினாங்கில் போய் இந்தக் கூத்தைச் செய்யாதே. நேற்று அதைப் பார்த்துத் தட்டி உள்ளே போனேன். அந்தக் கட்டத்துக்கு மேலே விரலையும் வைத்துவிட்டேன். ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் போதும், நீ பாட்டுக்கு ஊருக்குப் போகலாம், அண்ணனையும் நான் எப்படியாவது சமாதானம் செய்து கொண்டுவந்துவிடலாம். பிறகு விரலை எடுத்துவிட்டேன், வெளியே வந்துவிட்டேன். நான் அழுத்தினால், நீதான் அழுத்தினாய் என்று அது எழுதிக்கொள்ளும். யார் பெயரில் திறந்திருக்கிறதோ அவர் பெயர்தான் அதற்குத் தெரியும், யார் விரல் என்று தெரியாது. காதர் மாமாவுக்கு நடந்ததும் அதுதானே. அதே பொய்யை உனக்கு நல்ல பெயர் வரும்படி நான் ஒரு தடவை எழுதி வைக்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு சுங்கை ரம்பாய்க்குப் போ. பழம் கிழம் வாங்கிக்கொண்டு போகாதே, தாளையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய் விளக்கவும் செய்யாதே. அவர் திட்டுவார். திட்டட்டும், குறுக்கே பேசாமல் நின்று வாங்கிக்கொள். அவர் வருகிறேன் என்றால் கையோடு கூட்டிக்கொண்டு வா. பிறகு பின்னறையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பக்கத்தில் நிற்கும்போது, அந்தக் கட்டத்தை நீ அழுத்து. தொழுகைக்கு நேரம் இருக்கும், கோயில் சாமானையும் அதற்குள் கட்டி வைத்துவிடலாம்.